சேத்து டயர்: கேளுங்க, சொல்றேன்

பாலக்காட்டுக் கணவாய் வழியா மழைக்காத்து உள்ளே வர ஆரம்பிச்சதும் எனக்கு மெசேஜ் குவிஞ்சிடும். தனித்தனியா எழுதி மாளலை, அதனால எல்லாருக்கும் இங்கேயே பதில். எனக்கு உடுமலைப்பேட்டையில் டயர் கடை. மழைக்காலத்தில் சேத்தில் மாட்டின வண்டிகளை இழுத்து வெளியே போடற வேலையும் உண்டு. இன்ஜின் ரீமேப், லைட், ஹாரன் எல்லாம் என்கிட்ட வேண்டாம். டயரும் காத்தும் மட்டும் கேளுங்க. கேக்கறதுக்கு முன்னாடி உங்க டயரில் இப்ப காத்தழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ இருக்குன்னு பார்த்துட்டு வாங்க.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, மஹிந்திரா தார் டீசல் 4×4, கம்பெனி சைஸ் 245/75 ஆர்16. பிஎஃப் குட்ரிச் கே.எம்.3, யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி003, மேக்ஸிஸ் பிக்ஹார்ன் 764. மூணில் எது? தினமும் ஆபீஸ், மாசம் ஒரு தடவை மலைப்பக்கம்.

பதில்: தினமும் ஆபீஸ்னா ஏ.டி. போதும், அதாவது ரோடு, மண் ரெண்டுக்கும் ஆன ஆல் டெரெய்ன் டயர். ஆனா மூணையும் பேர் சொல்லிக் கேக்கறீங்க, மனசு எம்.டி.யில், அதாவது சேத்துக்குன்னே செஞ்ச மட் டெரெய்ன் டயரில், நின்னுடுச்சுன்னு தெரியுது. சரி.

கடையில் ஒரு ஏ.டி., ஒரு எம்.டி. ரெண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்க. ஏ.டி.யில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நுழையும். எம்.டி.யில் ரெண்டு விரலைச் சேர்த்து வைக்கலாம். அந்தக் காலி இடத்துக்குத்தான் நீங்க காசு கொடுக்கறீங்க. சேறு அதில் நிறையும், சக்கரம் சுத்தற வேகத்தில் வெளியே தெறிக்கும், அடுத்த சுத்துக்குக் கட்டை சுத்தமா மண்ணைக் கடிக்கும். தெறிக்கலைன்னா இடைவெளி அடைச்சு டயர் மொழுமொழுன்னு ஆயிடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசலில் இதான் நடக்குது. அந்தக் களி நனைஞ்சா பசை. மெதுவா உருட்டினா எந்தக் கம்பெனி டயரும் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்காது. லோ ரேஞ்சில் (4×4 வண்டியில் இழுவைக்குன்னு இருக்கற மெதுவான கியர் செட்) ரெண்டாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே சீராப் பிடிச்சு, நிக்காமப் போகணும்.

அதே காலி இடம் ரோட்டில் வினை. ரப்பர் ரோட்டைத் தொடற பரப்பு குறைவு. கட்டை மேலே இருக்கற மெல்லிய கீறல்களும் எம்.டி.யில் குறைவு, ஈர ரோட்டில் பிடிப்புக் கொடுக்கறதே அதுதான். வால்பாறை 40 கொண்டை ஊசியும் மழையில் பளபளன்னு இருக்கற நாளில், முன்னாடி போற காருக்கு ஒட்டிப் போகாதீங்க. அவன் நின்ன இடத்தில் உங்களால நிக்க முடியாது.

மூணில் ஒண்ணுன்னா: கூரான கல்லு, பாறை அதிகம்னா கே.எம்.3, பக்கச்சுவர் தடிமன். சேத்துக்குன்னா பிக்ஹார்ன், பழைய டிசைன்தான், இடைவெளி பெரிசு, ரோட்டில் இரைச்சல் உண்டு. ரோடே அதிகம், சேறு எப்பவாவதுன்னா ஜி003. உங்களுக்கு ஜி003. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வெச்சதிலிருந்து கேட்ட சைஸ் கேட்ட நேரத்தில் வர்றதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

டயருக்கு முன்னாடி ஒரு காத்து கேஜும், பேட்டரியில் மாட்டற கம்ப்ரஸரும் வாங்குங்க. ரோட்டுக்குக் கம்பெனி சொன்ன அளவு. கல்லு ரோட்டுக்கு 24, 25 பிஎஸ்ஐ. சேத்துக்கு 18லேர்ந்து 20. மணலுக்கு 15. பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கற வளையம்) இல்லாத ரிம்மில் 12க்குக் கீழே போனா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். காத்து இறக்கின டயரில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே ஓட்டாதீங்க, ரோடு ஏறறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சுடுங்க. 32 பிஎஸ்ஐயில் நிக்கற எம்.டி.யை விட 18க்கு இறக்கின சாதா டயர் பல இடத்தில் ஜெயிக்கும்.

கேள்வி (கோவை): சத்தமே வராத எம்.டி. இருக்கா?

பதில்: இருக்கு. அதுக்குப் பேர் ஏ.டி.

கேள்வி (சென்னை): சார், மாருதி ஜிம்னிக்கு 235/75 ஆர்15 எம்.டி. போட ஆசை. சஸ்பென்ஷனைத் தூக்காமப் போடலாமா?

பதில்: கம்பெனி டயர் 195/80 ஆர்15, அதாவது அகலம் 195 மில்லி, பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 இன்ச். மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். நீங்க கேக்கறது 733. அகலமும் 40 மில்லி கூடுது. கம்பெனி ரிம் 5.5 இன்ச், 235க்கு அது பத்தாது. ரிம்மும் மாத்தணும், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா உரசும். 215/75 ஆர்15 பேசாம உக்காரும், உயரம் 703. ஜிம்னி எடை குறைஞ்ச வண்டி, அதுக்கு அதுவே தாராளம். பின் கதவில் தொங்கற ஸ்டெப்னியையும் கணக்கில் வைங்க. எம்.டி. ஒண்ணுக்கு நாலைஞ்சு கிலோ கூடும், அத்தனையும் கதவுக் கீலில்தான் தொங்கும். காத்து கேஜ் இருக்கா?

கேள்வி (ஈரோடு): தார் ரியர் வீல் டிரைவ். எம்.டி. போட்டா 4×4 மாதிரி போகுமா?

பதில்: போகாது. உங்களுக்கு இழுவை பின்சக்கரம் ரெண்டில் மட்டும்தான், 4×4ல் நாலிலும். அந்தக் காசுக்கு இழுக்கற கயிறும், அதை வண்டியில் மாட்டற ஷேக்கிளும் வாங்குங்க, ஒரு 4×4 நண்பரையும் பிடிச்சுக்குங்க.

கேள்வி (போடி): அண்ணா, ஒண்ணு இடிக்குது. எங்க மாமா சூரியநெல்லியில் ஜீப் ஓட்டறார். கொழுக்குமலைக்குத் தினமும் ஆள் ஏத்திக்கிட்டுப் போறார். பழைய ஜீப், ஒல்லி டயர். 255 அகலத்தில் எம்.டி. போட்டுக்கிட்டு வர்றவங்க பாதி வழியில் நிக்கறாங்க, மாமா ஹாரன் அடிச்சுத் தாண்டிப் போறார். அப்போ அகல டயர் எதுக்கு?

பதில்: இன்னிக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. உங்க மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்க.

இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. அகலம் ஆறு இன்ச், அதாவது 152 மில்லி. உங்க ஊர் ஜீப்புகள் அந்தப் பரம்பரைதான். மலைப்பாதையில் சேறு ஒரு சாண் ஆழம் இருக்கும், அடியில் கல்லு, கெட்டி மண். ஒல்லி டயர் சேத்தைக் கிழிச்சுக்கிட்டு இறங்கி அடியைத் தொட்டுடும், பிடிப்பு அங்கே கிடைக்கும். அகல டயர் சேத்து மேலேயே மிதந்து வழுக்கும். அடி கிடையாத சேறு, மணல் ரெண்டிலும் கதை தலைகீழ். ஒல்லி டயர் இறங்கிக்கிட்டே போய் ஆக்ஸில் தட்டி உக்காந்துடும். அங்கே மிதக்கறவன்தான் தப்பிப்பான்.

இன்னொரு விஷயம், மாமா அந்தப் பாதையில் ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். டயரை மட்டும் பாராட்டினா அவருக்குக் கோவம் வரும்.

கேள்வி (கோவை, 285 போட்ட தார்): ஒத்துக்க மாட்டேன் ப்ரோ. கோவாவில் மழையில் நடக்கற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சில் யார் ஒல்லி டயர் போடறாங்க?

பதில்: அங்கே வர்ற வண்டியில் முன்னாடியும் பின்னாடியும் லாக்கர் (ரெண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்து சுத்த வைக்கறது) இருக்கும், வின்ச் (கயிறைச் சுருட்டி வண்டியை இழுக்கற மோட்டார்) இருக்கும், பக்கத்தில் ஓடி ஓடிக் கயிறு கட்ட ஆள் இருக்கும். ஒரே பள்ளத்தை வரிசையா எல்லா வண்டியும் கலக்கினா அடியே இருக்காது, அகலம் அங்கே நியாயம். அதை விட முக்கியம், அவங்களுக்கு உதவறது டயரோட உயரம். உங்க 285/75 ஆர்16 உயரம் 834 மில்லி, கம்பெனி டயர் 774. வித்தியாசம் 60, அதில் பாதி 30 மில்லி, ஆக்ஸில் நடுவில் தொங்கற டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைக்குது. அகலத்தால அந்த 30 கிடைக்கலை. மீட்டர் 100 காட்டும்போது நீங்க 108ல் போறீங்க, அது தெரியும்தானே?

கேள்வி (ஒரத்தநாடு): குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். வயலில் ஓடற டிராக்டர் பின்சக்கரம் அகலமாத்தானே இருக்கு? அதுவும் சேறுதான்.

பதில்: வாங்க, உங்களை மாதிரி ஒருத்தர் வரணும்னுதான் இருந்தேன். சேறடிச்ச வயலில் காலை வெச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும், அப்புறம் நிக்கும். நிக்குதுன்னா அடியில் கெட்டிப் படலம் இருக்கு. வருஷா வருஷம் உழுது மிதிச்சு உண்டானது. டிராக்டர் பின்சக்கரம் நல்ல உயரம், கட்டையும் ஆழம், அதனால அகலமா இருந்தும் அந்தப் படலத்தை எட்டிடும். எட்டாத வயலுக்குத்தானே இரும்புக் கூண்டு மாதிரி இருக்கற கேஜ் வீல் மாட்டறீங்க?

கேள்வி (ஒரத்தநாடு): ஆமாங்க. படலம் உடைஞ்ச வயலில் கேஜ் வீலும் போதாது, டிராக்டரே படுத்துடும்.

பதில்: இதை விடத் தெளிவா என்னால சொல்ல முடியாது. 285காரர் படிச்சாரா?

கேள்வி (கோவை, 285): படிச்சேன். ஆனாலும் அகல டயருக்குத் தரையில் பரப்பு அதிகம், அது கணக்கு.

பதில்: கணக்கு அப்படி வராது. வண்டி எடை ஒண்ணு, காத்து அழுத்தம் ஒண்ணுன்னா, தரையில் படற பரப்பும் ஏறக்குறைய ஒண்ணுதான். எடையை அழுத்தத்தால வகுத்தா வர்றதுதான் பரப்பு, பக்கச்சுவர் விறைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அகல டயரில் அது குறுக்கே பரவும், ஒல்லி டயரில் நீளவாக்கில். பரப்பு நிஜமாக் கூடணும்னா காத்தை இறக்கணும். இறக்கும்போது தடம் முக்கியமா நீளத்தில்தான் வளரும். அதான் காத்து கேஜ், காத்து கேஜ்னு கத்திக்கிட்டே இருக்கேன்.

கேள்வி (போடி): அப்போ தாரில் 6.00-16 மாட்டிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வில்லிஸ் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, தார் ஒண்ணேமுக்கால் டன் பக்கம். நெடுஞ்சாலையில் 100ல் போற வண்டிக்கு அந்த டயர் ஆகாது. ஒல்லி ஆசை இருந்தா 235/85 ஆர்16னு ஒரு சைஸ் உண்டு. 265/75 ஆர்16 என்ன உயரமோ ஏறக்குறைய அதே உயரம், 30 மில்லி ஒல்லி. நம்ம ஊரில் கிடைக்கறது குதிரைக்கொம்பு. சைஸ் மாத்தினா வர்ற சிக்கலைக் கீழே சொல்றேன்.

கேள்வி (மதுரை): அண்ணா தாருக்கு பெஸ்ட் எம்.டி. எது?

பதில்: முதல் பதில்.

கேள்வி (திருச்செந்தூர்): எங்க ஊர்த் தேரி மணலுக்கு எம்.டி. எப்படி?

பதில்: மோசம். மணலில் கட்டை கடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை, எம்.டி. குழிதான் தோண்டும். சாதா டயரில் 15 பிஎஸ்ஐ, சக்கரம் சுழல ஆரம்பிச்சதும் காலை எடுத்துடணும். ஆனா குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே வண்டி விடற வேலை வேண்டாம். இது எல்லாருக்கும்: காப்புக்காடு, புலிகள் காப்பகம், ஓடற ஆத்துப் படுகை மூணும் விளையாட்டு மைதானம் இல்லை. சொந்தத் தோட்டம், இல்லைன்னா சொந்தக்காரர் அனுமதி கொடுத்த நிலம்.

கேள்வி (சேலம்): பெரிய சைஸ் போட்டா ஆர்.டி.ஓ. பிடிப்பாங்களா?

பதில்: அதே சைஸில் எம்.டி. போட்டா பிரச்சினை இல்லை. சைஸை ஏத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிடுச்சு. போலீசை விட இன்ஷூரன்ஸை நினைச்சுப் பயப்படுங்க. விபத்துக்கு அப்புறம் டேப் வெச்சு அளப்பாங்க.

கேள்வி (நாமக்கல்): பழைய எம்.டி. செட் ஒண்ணு வருது, கட்டை எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. வாங்கலாமா?

பதில்: கட்டையைப் பார்க்காதீங்க, தேதியைப் பாருங்க. பக்கச்சுவரில் DOTனு ஆரம்பிக்கற வரியில் கடைசி நாலு எண். 2317னு இருந்தா 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம். சில டயரில் அது ஒரு பக்கம் மட்டும் இருக்கும், உள்பக்கமா மாட்டியிருந்தா வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்கணும். கட்டை அடிவாரத்தில் விரலால வளைச்சுப் பாருங்க, மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரிஞ்சா விட்டுடுங்க. ஆறு வருஷம் தாண்டினதைச் சும்மா கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி (தர்மபுரி): தாருக்கு எந்த எம்.டி. நல்லது சார்? பட்ஜெட் பிரச்சினை இல்லை.

பதில்: முதல் பதில், சார். பட்ஜெட் பிரச்சினை இல்லைன்னா ரெண்டு கேஜ் வாங்குங்க.

கேள்வி (பொள்ளாச்சி): சேத்தில் ஓட்டிட்டு வந்ததிலிருந்து 70க்கு மேலே ஸ்டீயரிங் ஆடுது. புது எம்.டி. டயர், பேலன்ஸிங் போயிடுச்சா?

பதில்: மொதல்ல ரிம்மோட உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க. சேறு ஒரு பக்கமாக் காஞ்சு செங்கல் மாதிரி ஒட்டியிருக்கும். வெளிப்பக்கம் பளிச்சுன்னு கழுவிட்டு உள்ளே விட்டுடறாங்க. குச்சியால சுரண்டி, தண்ணியைப் பீச்சியடிச்சு எடுங்க, பேலன்ஸுக்கு ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்திருக்கான்னும் பாருங்க. அப்படியே நாலு டயரிலும் காத்து ஒரே அளவா இருக்கான்னு அளங்க. அப்பவும் ஆட்டம் நிக்கலைன்னா கடைக்குக் கொண்டு வாங்க. ஞாயித்துக்கிழமை லீவு.