கோல்ஃப் பங்கரில் ஆறு ஸ்ட்ரோக் அபராதமா?

கேள்வி: கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை) ஒட்டிய பங்கரில் (மணல் பள்ளத்தில்) பந்து விழுந்தது. பந்துக்குப் பின்னால் கிடந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டேன். ஒத்திகையாக ஒருமுறை கிளப்பை (கோல்ஃப் மட்டையை) வீசியபோது மணலில் லேசாக உரசிவிட்டது. அப்புறம் அடித்த பந்து மேல் விளிம்பில் மோதி பங்கருக்குள்ளேயே திரும்பி விழ, ஆத்திரத்தில் பக்கத்து மணலில் கிளப்பால் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கூட ஆடியவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மொத்தம் ஆறு ஸ்ட்ரோக் (அடி) அபராதம் என்கிறார். சரிதானா?

பதில்: ஆறு இல்லை, இரண்டுதான். அந்த இரண்டும் ஒத்திகை வீச்சுக்கு.

இலையை எடுத்தது தப்பே இல்லை. உங்கள் நண்பர் பழைய விதியை நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார். 2019-க்கு முன்பு பங்கருக்குள் கிடக்கும் இலை, சுள்ளி, கல் எதையும் தொடக்கூடாது. இப்போது தாராளமாக எடுக்கலாம். எடுக்கும்போது விரல் மணலில் பட்டாலும் பரவாயில்லை. ஆனால் பந்து அசைந்துவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். அதனால் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலையை நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். பந்து ரேக் (மணலைச் சமன்படுத்தும் வாருகோல்) மேல் சாய்ந்திருந்தால் இந்தப் பயம் வேண்டாம். ரேக்கை எடுக்கும்போது பந்து உருண்டால் அபராதம் கிடையாது, திருப்பி வைத்தால் போதும்.

ஆத்திரத்தில் அடித்ததையும் விதி மன்னிக்கிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? பங்கருக்கான 12-ஆம் விதியிலேயே அது இருக்கிறது. மணலின் தன்மையைச் சோதித்துப் பார்க்கக்கூடாது, அடுத்த அடியைச் சுலபமாக்கிக்கொள்ளக்கூடாது என்பதுதான் அங்கே கவலை. கோபத்தில் அடிப்பவர் எதையும் சோதிக்கவில்லை. தடுமாறாமல் இருக்கக் கிளப்பை ஊன்றினாலும், கையிலிருக்கும் மற்ற கிளப்புகளை மணலில் போட்டாலும் இதே கணக்குதான். பந்து கிடக்கும் இடத்தையோ அது போகவேண்டிய பாதையையோ உங்களுக்குச் சாதகமாக மாற்றிவிடாமல் இருந்தால் சரி.

சரி, ஒத்திகை வீச்சுக்கு வருவோம். பந்து பங்கரில் இருக்கும்வரை கிளப் மணலில் படக்கூடாத சமயங்கள் மூன்று: பந்துக்கு நேர் முன்னாலோ பின்னாலோ ஊன்றுவது, ஒத்திகை வீச்சு, அடிப்பதற்காகக் கிளப்பைப் பின்னுக்கு இழுப்பது. லேசாகப் பட்டது, தெரியாமல் பட்டது என்ற சமாதானம் எடுபடாது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக். ஜெயித்த குழிகளை எண்ணும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போச்சு. 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டியில் அமெரிக்க வீரர் டஸ்டின் ஜான்சன் ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தார். பார்வையாளர்கள் மிதித்துப் போட்ட ஒரு மணல் திட்டை அவர் பங்கர் என்றே நினைக்கவில்லை. கிளப்பை ஊன்றி அடித்தார். இரண்டு ஸ்ட்ரோக் ஏறியது, சமநிலையில் இருப்பவர்கள் மோதும் பிளேஆஃபில் ஆடும் வாய்ப்பே போய்விட்டது. கோப்பை மார்ட்டின் கைமருக்கு.

பின்னுக்கு இழுக்கும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள், குறிப்பாகப் பந்துக்குப் பின்னால் மணல் மேடாக இருக்கும்போது. கிளப்பைத் தரையோடு தரையாக இழுக்காமல் மணிக்கட்டைச் சீக்கிரம் மடக்கி மேலே தூக்குங்கள். நிற்கும்போதே கிளப் முகத்தை மணலுக்கு இரண்டு விரல் உயரத்தில், பந்துக்குச் சற்றுப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கிளப் மணலில் இறங்க வேண்டிய இடமும் அதுதான். ஒத்திகை பார்த்தே ஆக வேண்டுமா? பங்கருக்கு வெளியே புல்லில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மணல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நேர்மையான வழியும் உண்டு: உங்கள் பாதம். நிலையாக நிற்பதற்காகக் காலைப் புதைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அப்போதே அடியில் கெட்டித்தட்டு இருக்கிறதா, ஈரமா, பொலபொலவென்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு கிளப்பின் பிடியையும் கீழே இறக்கிப் பிடியுங்கள்.

பந்து விளிம்புக்கு அடியில் செருகிக்கொண்டு ஆடவே முடியாது என்றால் வீம்பு வேண்டாம். ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு பங்கருக்குள்ளேயே வேறு இடத்தில் பந்தைப் போடலாம், அல்லது முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். இரண்டு ஸ்ட்ரோக் கொடுத்தால், குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டிலேயே பின்னால் போய் பங்கருக்கு வெளியேயும் போடலாம். மேல் விளிம்பில் இரண்டு முறை மோதித் திரும்புவதைவிட அது மலிவு.

அப்புறம், இறங்கும்போது பந்துக்குப் பக்கத்தில் உள்ள தாழ்வான பக்கமாக இறங்குங்கள், கையோடு ரேக்கையும் எடுத்துக்கொண்டு. அடித்து முடித்ததும் பின்வாங்கியபடியே உங்கள் காலடித் தடங்களையும் கிளப் பறித்த பள்ளத்தையும் சமன்படுத்திவிட்டு வெளியே வாருங்கள். அடுத்தவர் விட்டுப்போன தடத்தில் உங்கள் பந்து விழுந்தால் விதி எந்தச் சலுகையும் தராது, அப்படியே ஆட வேண்டியதுதான். மைதானத்தில் வேறு ஏற்பாடு சொல்லவில்லை என்றால் ரேக்கை பங்கருக்கு வெளியே, பந்து மோத வாய்ப்புக் குறைவான பக்கமாகப் போடுங்கள்.