முதல் டிஜே கன்ட்ரோலர் வாங்கப்போகிறேன்: எந்தப் பெட்டி, எந்த மென்பொருள்?

ஜோகன்னஸ்பர்க் அருகே மிட்ராண்டில் உங்களுக்குக் கணினி வேலை. வார இறுதியில் நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் பாட்டுப் போடும் ஆசை. 8 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி. அதிகம் செலவழிக்க மனமில்லை. கன்ட்ரோலர் என்றால் மடிக்கணினியில் ஓடும் பாட்டுகளைக் கையால் கலக்க உதவும் பெட்டி. அதில் பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வாங்குவதா, நுமார்க்கின் மிக்ஸ்ட்ராக் புரோ எஃப்எக்ஸ் வாங்குவதா, மென்பொருளில் செராட்டோவா ரெகார்ட்பாக்ஸா என்பது உங்கள் கேள்வி.

நான் டர்பனில் இருப்பவன். 2009இல் திருச்சியிலிருந்து வேலைக்காக வந்தேன். மனைவி இங்கேயே சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் சொன்ன டிஜே வராமல் போக, என் மடிக்கணினியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டார்கள். அன்று மாட்டிக்கொண்டவன், பதினோரு வருடமாகச் சனிக்கிழமை இரவுகளை ஹால்களிலேயே கழித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இது கல்யாண ஹாலிலிருந்து வரும் பதில். கிளப்புக்கு நியாயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நான் வாங்கியது ஒரு பெரிய பெட்டி. நான்கு சேனல் (ஒரே நேரத்தில் நான்கு பாட்டைக் கலக்கலாம்), சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சக்கரங்கள், பின்னால் பெரிய ஸ்பீக்கருக்கான எக்ஸ்எல்ஆர் இணைப்பு, தனி அடாப்டர். பழுது சொல்ல முடியாத பொருள். 2015இல் ஒரு நலங்கு இரவு. இங்கே கல்யாணத்துக்கு முந்தைய இரவையே நலங்கு என்கிறார்கள்; மஞ்சள் பூசி முடித்தால் அப்புறம் ஆட்டம்தான். எட்டு மணிக்கு லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்ட மின்வெட்டு. ஹாலின் ஜெனரேட்டர் பதினைந்து வினாடியில் உறுமிக்கொண்டு எழுந்துவிட்டது. விளக்கு வந்தது, ஸ்பீக்கர் வந்தது, பாட்டு வரவில்லை. மடிக்கணினி பேட்டரியில் உயிரோடுதான் இருந்தது. ஆனால் கன்ட்ரோலருக்கு மின்சாரம் நின்ற நொடியிலேயே அதற்குள் இருக்கும் சவுண்ட் கார்டும் காணாமல் போய், மென்பொருள் அப்படியே உறைந்துவிட்டது. அதை மூடித் திறந்து, பெட்டியை மறுபடி அடையாளம் காட்டி, பாட்டைத் தேடி ஏற்றுவதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிட்டது. நூறு பேர் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் மூன்று நிமிட மௌனம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காப்பாற்றியவர் மணப்பெண்ணின் ஆயா. உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டி ஒரு நலங்குப் பாட்டை எடுத்துவிட்டார்; தமிழ் பேச வராத பேத்திகள்கூட மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மேசைக்கு அடியில் கேபிளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

அடுத்த மாதமே அதை விற்றுவிட்டு, யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இரண்டு சேனல் பெட்டிக்கு மாறினேன். இந்த வகை மடிக்கணினியின் பேட்டரியில் ஓடும். மின்சாரம் போனால் ஸ்பீக்கர் மட்டும் அடங்கும். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டே இருந்து, ஜெனரேட்டர் வந்ததும் நடுவிலிருந்து ஒலிக்கும். நீங்கள் கேட்ட இரண்டு மாடல்களும் இந்த வகைதான் என்பதால் பாதிக் கவலை தீர்ந்தது. 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்று பல மாதம் நிம்மதியாக இருந்தோம், உண்மைதான். ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பும் அட்டவணை போட்டுக்கொண்டு வருவதில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. யூஎஸ்பியிலிருந்து எடுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான் என்பதால் ஹெட்போன் சத்தம் மெலிதாக இருக்கும். காதை முழுவதும் மூடும் ஹெட்போனாக வாங்குங்கள். மின்சாரம் இல்லாத மலிவான யூஎஸ்பி ஹப்பில் பெட்டியைச் சொருகாதீர்கள். நேராக மடிக்கணினியிலேயே சொருகுங்கள்.

இனி மென்பொருள். உங்கள் யோசனையையெல்லாம் இதில் செலவழியுங்கள். பெட்டியை என்றைக்கு வேண்டுமானாலும் விற்றுவிடலாம். ஆயிரம் பாட்டுகளுக்கு நீங்கள் வைத்த கியூ குறிகளும் (எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்ற அடையாளம்), திருத்திய தாளக் கட்டங்களும் (துடிப்பு விழும் இடங்களில் மென்பொருள் போடும் கோடுகள்), பிரித்த பட்டியல்களும் மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும். செராட்டோ கியூ குறிகளைப் பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. ரெகார்ட்பாக்ஸ் தன் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தரும் செயலிகள் உண்டு. நானும் ஒருமுறை மாற்றினேன். சில எம்பி3 கோப்புகளில் குறிகள் எல்லாம் 26 மில்லி வினாடி நகர்ந்து நின்றன. எம்பி3யின் தொடக்கத்தை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதால் வரும் வினை அது. எண்ணில் பார்த்தால் சொற்பம்தான். இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நொண்டிக் குதிரை ஓடுவது போல் கேட்கும்.

தமிழ்ப் பாட்டுப் போடுகிறவனுக்குத் தாளக் கட்டம் ஒரு தனித் தலைவலி. எந்த மதிப்புரையிலும் இதைப் பார்க்க மாட்டீர்கள், ஏனென்றால் எழுதுகிறவர்கள் ஹவுஸ், டெக்னோ போட்டுச் சோதிக்கிறார்கள். 1960களின் பாட்டுகளை ஒரு முழு வாத்தியக் குழு உட்கார்ந்து நேரடியாக வாசித்துப் பதிவு செய்தார்கள். பல்லவியில் நிமிடத்துக்கு 118 துடிப்பில் தொடங்கிய வேகம் கடைசிச் சரணத்தில் 122க்கு ஏறியிருக்கும். கேட்கும்போது அதுதான் உயிர். மென்பொருளோ ஒரே வேகத்தை எடுத்துக்கொண்டு பாட்டு முழுவதும் சமமாகக் கோடு போட்டுவிடும். நடுப்பாட்டில் கோடு ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம். அப்போது இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்தும் சிங்க் பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் சண்டை பிடிக்கும். இதற்கு ரெகார்ட்பாக்ஸில் டைனமிக் என்றொரு பகுப்பாய்வு முறை இருக்கிறது. மாறும் வேகத்தைப் பின்தொடர்ந்து கோடு போடும். பழைய பாட்டுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், புதியவற்றுக்கு வழக்கமான முறையே போதும். செராட்டோவின் கட்டணப் பதிப்பான புரோவில் ஒரே பாட்டுக்குப் பல இடங்களில் குறி வைத்து நீங்களே இழுத்துச் சரிசெய்யலாம். டிராக்டர் என்ற இன்னொரு டிஜே மென்பொருள் இந்த விஷயத்தில் நெடுநாள் பிடிவாதமாக இருந்து, 2024இல் வந்த நான்காம் பதிப்பில்தான் வளைந்துகொடுத்தது.

அடுத்தது நடை. நம்முடைய குத்துப் பாட்டுகளில் கணிசமானவை திஸ்ர நடை, ஒரு துடிப்புக்கு மூன்று அடி: தகிட தகிட. மென்பொருள் பெரும்பாலும் உலகமே சதுஸ்ரம், அதாவது துடிப்புக்கு நான்கு அடி, என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கால் தட்டினால் 126 வரும் ஒரு பாட்டை அது ஒன்றரை மடங்காக்கி 189 என்று காட்டும், இல்லையென்றால் அதில் பாதி, 94.5. டர்பனில் பிறந்த கோம் இசையும் ஏறக்குறைய 126 பக்கம்தான் ஓடுகிறது. (அந்தப் பெயரின் முதல் எழுத்தை நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் வரவில்லை, என் மகள் சிரிக்கிறாள்.) ஆக, கோமிலிருந்து குத்துக்குப் போவது இயல்பான பாதை. இரண்டிலும் கால் ஒரே இடத்தில்தான் விழுகிறது. ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை நம்பினால் இந்தப் பாதையே கண்ணில் படாது. என் வழக்கம் இது: பாட்டை ஓடவிட்டு, தட்டி வேகம் அளக்கும் டேப் பொத்தானை ஒவ்வொரு தகிடவின் முதல் அடியிலும் தட்டி, 126 என்று உறுதி செய்து பூட்டிவிடுவேன். அதற்குப் பிறகும் அரைத் துடிப்பை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் எடுக்கக் கூடாது. தகிட நடுவில் அறுந்துவிடும். எதிரொலியையும் ஒரு முழுத் துடிப்புக்கு வையுங்கள். அரைக்கு வைத்தால் படியில் தடுக்கி விழுவது போல் ஒலிக்கும். அமாபியானோ என்ற இன்னொரு தென்னாப்பிரிக்க நடன இசையிலிருந்து குத்துக்குப் போகவும் இதே கணக்கு, வேகம் மட்டும் 112 சுற்றி இருக்கும்.

பாட்டைத் தேடுவதும் சாதாரண வேலை அல்ல. ஹாலில் ஒரு அங்கிள் வந்து நிற்பார். பாட்டின் பெயர் அவருக்குத் தெரியாது. யார் நடித்த படம், பாட்டில் குதிரை வருமா படகு வருமா என்பது தெரியும். என் தொகுப்பில் ரோமன் எழுத்தில் பெயரிட்ட கோப்புகளே அதிகம். ழகரத்தை ஒருவர் ஒரு விதமாக எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு விதமாக. இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து ஒரே எழுத்து முறைக்குக் கொண்டுவந்தேன். குறிப்புப் பகுதியில் நடிகர், இசையமைப்பாளர், ஆண்டு மூன்றையும் சேர்த்தேன். இப்போது அங்கிள் வாய் மூடுவதற்குள் பாட்டு திரையில் இருக்கும். எந்த மென்பொருளை எடுத்தாலும் இந்த வேலையை 200 பாட்டு இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

சரி, எது? நான் கல்யாணங்களுக்கு விர்ச்சுவல் டிஜே என்ற வேறொரு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். தாளம் நழுவும் பாட்டுகளை அது தாங்கிக்கொள்கிறது, வீடியோவும் கரோக்கியும் அதிலேயே போடலாம், ஏறக்குறைய எந்தக் கன்ட்ரோலரைச் சொருகினாலும் பேசுகிறது. பணம் வாங்கிக்கொண்டு போடுவதானால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். எஃப்எல்எக்ஸ்4ஐச் சொருகினால் ரெகார்ட்பாக்ஸின் மிக்ஸிங் வசதிகள் சந்தா இல்லாமலே திறந்துகொள்கின்றன. அதே பெட்டி செராட்டோவின் இலவசப் பதிப்பான லைட்டோடும் ஓடும். இரண்டையும் ஆறு மாதம் பழகிப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதுதான் அதை நான் சிபாரிசு செய்யக் காரணம். மிக்ஸ்ட்ராக்கோடு செராட்டோ லைட் வருகிறது. ரெகார்ட்பாக்ஸ் அதற்குத் திறக்காது. ஆனால் மிக்ஸ்ட்ராக்கின் வேக ஃபேடர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இழுப்புக் கட்டை) நீளமானது. சிங்க் உதவாத பழைய பாட்டுகளைக் கையால் பிடிக்கும்போது அந்த நீளம் தெய்வம் போல. என் மைத்துனர் அதைத்தான் வைத்திருக்கிறார், விடமாட்டேன் என்கிறார்.

கிளப்புக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரெகார்ட்பாக்ஸ். கிளப்புகளில் பெரும்பாலும் பயனியரின் சிடிஜேக்கள்தான் நிற்கும், கணினி இல்லாமலே பென் டிரைவிலிருந்து பாட்டை எடுக்கும் கருவிகள். வீட்டில் தயார்செய்த பட்டியலை ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வெறுங்கையோடு போகலாம். காசே செலவழிக்காமல் பழக நினைத்தால் மிக்ஸ் இருக்கிறது. அதை மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். திறமூல மென்பொருள், லினக்ஸிலும் ஓடும்.

8 ஜிபி நினைவகம் இதற்கெல்லாம் போதும். பாடகர் குரலையும் வாத்தியத்தையும் ஓடும்போதே பிரிக்கும் ஸ்டெம்ஸ் வசதிக்குத்தான் உங்கள் கணினி மூச்சு வாங்கும். அமாபியானோ தாளத்தின்மேல் தமிழ்க் குரலை வைக்க ஆசைப்பட்டால், அந்தப் பாட்டுகளை வீட்டிலேயே முன்கூட்டிப் பிரித்துச் சேமித்துக்கொண்டு போங்கள். விண்டோஸில் கன்ட்ரோலருக்கு ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) இருந்தால் மறக்காமல் நிறுவுங்கள். ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 256இல் வைத்தால் தாமதம் சுமார் 6 மில்லி வினாடி. சத்தம் விட்டுவிட்டு வந்தால் 512க்கு ஏற்றுங்கள், 12 ஆகும், கல்யாணத்தில் யாருக்கும் தெரியாது.

மைக்கை மட்டும் கன்ட்ரோலரில் சொருகாதீர்கள். இரவு எட்டரைக்கு மேல் மாமா ஒருவர் மைக்கைப் பிடித்தால் எந்த ஃபேடர் எங்கே என்று தேட நேரம் இருக்காது. ஒரு சின்ன மிக்ஸர் வாங்கி, மைக்கையும் கன்ட்ரோலரின் ஒலி வெளியே வரும் ஆர்சிஏ கேபிளையும் அதில் சேர்த்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆரில் ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள். ஆர்சிஏ கேபிளை நீளமாக இழுத்தால் இரைச்சல் சேரும்.

பழைய பொருள் வாங்குவதானால், அதிலும் டர்பன் பக்கத்திலிருந்து வருவதானால், கடற்காற்றை நினைவில் வையுங்கள். மென்பொருளைத் திறந்து, ஃபேடர்களை நடுவில் விட்டுக் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். யாரும் தொடாமலே திரையில் ஃபேடர் நடுங்கினால் உள்ளே உப்புப் பூத்திருக்கிறது. விலை பாதியானாலும் வேண்டாம்.

புதிதாக வாங்கினால் அன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டுச் சத்தமாக ஓடும்போது மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பாட்டு நிற்காமல் ஓட வேண்டும். அதுவரை ஸ்பீக்கரில் இருந்த ஒரு மெல்லிய ரீங்காரம் அந்த நொடியில் மறைந்தால், எர்த் சுற்றில் கோளாறு. அந்த இரைச்சலைத் துண்டிக்கும் ஒரு டிஐ பெட்டியோ ஐசொலேட்டரோ வாங்கி நடுவில் போட வேண்டும். பெட்டி வாங்கிய கடையிலேயே அதுவும் கிடைக்கும், பெரிய விலை இல்லை.