ஆய்வு மாணவர்களும் மென்பொருள் பதிப்புரிமையும்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹபில் ஒரு குழு போட்ட நிரலை (கோட்) மாற்றி என் கட்டுரையோடு வெளியிடலாமா? உரிமக் கோப்பு இல்லை.

பதில்: கூடாது. பார்க்கக் கிடைப்பது வேறு, எடுத்தாள அனுமதி இருப்பது வேறு. உரிமம் சொல்லவில்லை என்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டுதானே?

பதில்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏ) பிரிவு, ஆராய்ச்சி உட்பட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமாகக் கையாள விடுகிறது. அதே வரியிலேயே கணினி நிரலை மட்டும் விலக்கிவிடுகிறது. நாவலுக்கு உள்ள சலுகை நிரலுக்கு இல்லை. நிரலுக்குத் தனி வழி, 52(1)(ஏசி) பிரிவு: அதை ஓட்டிப் பார்த்து, சோதித்து, உள்ளே இருக்கும் கருத்துகளை அறியலாம். கருத்தை எடுத்து நீங்களே புதிதாக எழுதுங்கள். வரிகளை எடுக்காதீர்கள்.

கேள்வி: அல்காரிதத்துக்குக் காப்புரிமை வாங்குவது எப்படி?

பதில்: அது வேறு சட்டம். காப்புரிமை வழக்கறிஞரிடம் போங்கள்.

கேள்வி: கோட் பொதுவில் இருக்கிறது, பிடித்தவர்கள் போட்ட ஸ்டாரும் நிறைய. பயன்படுத்தலாமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பதிப்புரிமையால் எந்த ஆராய்ச்சி நின்றது? பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பிலிருந்து சுமார் 9,000 வரிகளை மாணவர்களுக்காக வரி வரியாக விளக்கி எழுதினார். 1977-இல் அது புத்தக வடிவம் பெற்றது. 1979-இல் யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் அதன் ஏழாம் பதிப்பை வெளியிட்டபோது, மூல நிரலை (சோர்ஸ் கோட்) வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது என்று உரிமத்தில் எழுதிவிட்டது. 1996 வரை அந்த விளக்கவுரை நகலின் நகலாகத்தான் கைமாறியது. என் கைடு வைத்திருந்த பிரதியில் வரி எண்களின் 6-ஐயும் 8-ஐயும் பிரித்தறிய முடியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்போம்.

கேள்வி: அந்தத் தடையால்தானே மினிக்ஸ் என்ற இயங்குதளம் வந்தது, அதைப் பார்த்து லினக்ஸ் வந்தது? நல்லதுதான் நடந்தது!

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். டனன்பாம் என்ற பேராசிரியர் பாடம் நடத்த வேண்டி மினிக்ஸ் என்ற இயங்குதளத்தையே தானாக எழுதினார். அது வெளிவந்தது 1987-இல். நடுவில் எட்டு வருடம்! அந்த வருடங்களில் படித்து வெளியேறிய மாணவர்களுக்குக் கோட்பாடுதான் கிடைத்தது, ஓடும் நிரல் கிடைக்கவில்லை. ஒருவர் சுவரேறிக் குதித்தார் என்பதற்காகச் சுவரைப் பாராட்ட முடியுமா? குதிக்க முடியாமல் நின்றவர்களை யார் கணக்கில் வைத்தார்கள்? அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் ஆய்வு நிரலை வெளியிடும்போது நீங்களாவது ஒரு உரிமக் கோப்பை வையுங்கள்.

கேள்வி: கிட்ஹபில் உள்ள கோட்...

பதில்: உரிமக் கோப்பு இருக்கிறதா? முதலில் அதைத் திறந்து படித்துவிட்டு வாருங்கள்.