பள்ளியில் மனநல வகுப்பு வைத்தால் பிள்ளைகளின் மதிப்பெண் கூடுமா?

கூடும். எவ்வளவு என்பது, நடத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

தில்லி திரிலோக்புரியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 2018 ஜூலையில் தலாய் லாமா வந்து தொடங்கிவைத்த மகிழ்ச்சிப் பாடத்திட்டம், நான் சொல்லப்போவது நடந்தபோது, இங்கே அரசுப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பாடவேளை: மூச்சைக் கவனிப்பது, கதை, பேச்சு. தேர்வு கிடையாது. தேர்வில்லாத பாடத்துக்கு என்ன கதி நேரும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பள்ளியில் அந்த வேளையில் முடிக்காமல் விட்ட கணக்குப் பாடத்தை ஓட்டினார்கள். கணக்கு வாத்தியாரான எனக்கே அது பிடிக்கவில்லை.

அங்கே ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். என்னிடம் பின்னக் கணக்கைத் தண்ணீர்பட்ட பாடாகப் போடுவான். பள்ளியில் கணக்குத் தேர்வு என்றால் வயிற்றுவலி. வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் ஒருநாள் வெளியிலிருந்து வந்துபோன ஆலோசகரிடம், சின்னப் பெண், அவரிடம்தான் வாயைத் திறந்தான். இந்தியில் 'உன்தாலீஸ்' என்றால் 39. இவன் காதில் நாற்பதும் ஒன்பதும் சேர்ந்து 49 ஆகிவிடும். வகுப்பே சிரிக்கும். எண்ணைச் சொல்லும்போது பலகையிலும் எழுதிவிடுங்கள் என்று அவர் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். வயிற்றுவலி நின்றது. ஓராண்டாக அவனுக்குக் கணக்குச் சொன்ன எனக்கு இது தெரியவில்லை. நான்தான் தமிழில் எண்ணுகிறேனே.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ஒரு மனநலத் திட்டத்தை வைத்து நடந்த சோதனை 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற வெளியாட்களும் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். வெளியாட்கள் நடத்திய இடத்தில் மனச்சோர்வும் ஒருவரையொருவர் சீண்டுவதும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் பலன் தெரியவில்லை. இதை வைத்து ஆசிரியர்களைத் திட்ட வேண்டாம். மதிப்பெண் போடுகிறவரிடமே மனதைத் திறக்கச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். உணர்வைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்து, அமெரிக்க ஆய்வாளர் டர்லக் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 11 என்றொரு எண் வரும். பலர் அதை 11 மதிப்பெண் என்று பரப்புகிறார்கள். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை பதினொரு பேரைத் தாண்டி முன்னே வருவது என்பதே அதன் பொருள்.

நம் பையன் முந்தைய ஆண்டு 38 வாங்கியவன், அந்த ஆண்டு 51 வாங்கினான். மீதி 49 எங்கே போயிற்று என்று அவன் அம்மா என்னைக் கேட்டார்.