திருநாள் பணம் மழையில், கூரை வேலை வெயிலில்

வணக்கம். எங்களுடையது பர்மாவில் பெகு நகருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கத்தோலிக்கப் பங்கு, நாற்பது தமிழ்க் குடும்பங்கள். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கோயில், தகரக் கூரை. பீடம் கிழக்கே. இந்த ஆண்டு என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். தென்புறக் கூரை ஒழுகுகிறது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. அந்தோனியார் திருநாள் பணத்தில் கொஞ்சம் மிச்சம் உண்டு. கெபி (சுரூபம் வைக்கும் சிறு குகை) கட்டவென்று மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் அனுப்பிய தொகையும் கையில் இருக்கிறது. ஆரோக்கிய மாதா திருநாளுக்குள் வண்ணம் அடித்துவிட வேண்டும் என்கிறது கமிட்டி. கெபிப் பணத்தைக் கூரைக்குத் திருப்பலாமா? எதில் தொடங்குவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இந்த மழையில் வண்ணம் அடிக்காதீர்கள். ஈரச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் கிறிஸ்துமஸுக்குள் கொப்பளித்து உரியும், பணமும் அதோடு போகும். முதலில் கூரை, பிறகு சுவரடி, கடைசியில்தான் வண்ணம்.

கீழ் பர்மாவில் உள்ள நம் கோயில்களுக்கெல்லாம் ஒரே சிக்கல். ஜூன் 13 அந்தோனியார், ஆகஸ்ட் 15 விண்ணேற்பு, செப்டம்பர் 8 ஆரோக்கிய மாதா என்று பணம் வரும் திருநாள்கள் மழைக்காலத்தில் விழுகின்றன. கூரையைப் பிரிக்கத் தோதான காலமோ ஜனவரி முதல், ஏப்ரல் நடுவில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வாரம் வரைதான். திருவிழாவுக்கு ஊர் போன வேலையாட்கள் திரும்பி வருவதற்குள் மே மாத மழை தலைக்கு மேல் நிற்கும். இடையில் உள்ள ஆறேழு மாதமும் அந்தப் பணத்தைக் காப்பாற்றுவதுதான் பொருளாளரின் உண்மையான வேலை.

நோட்டாகப் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. 1964, 1985, 1987 என்று மூன்று முறை நோட்டுகள் செல்லாமல் போன நாடு இது. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளுக்கு மாற்றுப் பணம்கூடக் கிடைக்கவில்லை. 2021க்குப் பிறகு வங்கியில் போட்டதை எடுக்கவும் வரம்பு வந்துவிட்டது. விலைவாசி ஏறுவதைச் சொல்லவே வேண்டாம். ஆகவே கணக்குக்கும் அவசரத்துக்கும் வேண்டியதை மட்டும் பணமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தை இப்போதே பொருளாக்குங்கள்.

எல்லாப் பொருளும் அப்படிக் காத்திருக்காது. இந்த ஈரத்தில் சிமென்ட் மூட்டை மூன்று மாதத்திலேயே வலுவிழந்து கட்டி தட்டும். தகரமும் மரமும் இருக்கும், ஆனால் தகரத்தைக் கட்டுக்கட்டாக அடுக்கினால் தகடுகளுக்கு இடையே ஈரம் புகுந்து வெள்ளைத் தூள் பூக்கும், துத்தநாகப் பூச்சு அரிக்கத் தொடங்கும். கூரையுள்ள இடத்தில், தரையில் படாமல் கட்டை கொடுத்து, ஒரு முனை சற்றுச் சாய்ந்திருக்கும்படி, இடையில் காற்றுப் போகும்படி அடுக்குங்கள். வாங்கிய அன்றே இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கையை எழுதி இருவர் கையொப்பமிட வேண்டும். கோயில் தகரம் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்கு ஏறுவது அதிசயமில்லை.

எத்தனை தகடு? கோயில் நீளம் அறுபது அடி, முகட்டிலிருந்து இறவாரம் வரை சரிவு பதினைந்து அடி என்று வைத்துக்கொள்வோம். பக்க மடிப்பு போக ஒரு தகடு இரண்டடி மூடினால் முப்பது வரிசை. எட்டடித் தகடு இரண்டை ஆறங்குல மேற்கவிப்போடு போட்டால் பதினைந்தரை அடி வரும். ஆக, தென்புறத்துக்கு அறுபது தகடு. சேதத்துக்கு மூன்று நான்கு கூட்டிக்கொள்ளுங்கள். முகட்டுத் தகடு தனி. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிசு என்பதை மறக்காதீர்கள். மலிவு என்று 30க்குப் போகாமல் 26 வாங்குங்கள்.

பொருத்தும்போது ஆணி நெளியின் மேட்டில்தான் இறங்க வேண்டும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்த ஆணிதான் பெரும்பாலான ஒழுகலுக்குக் காரணம், அடுத்த காரணம் இற்றுப்போன ரப்பர் வாஷர். தென்மேற்கிலிருந்து சாரல் அடிப்பதால் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கே போங்கள். ஒவ்வொரு புதுத் தகடும் முந்தியதன் மேல் கவிய, மடிப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். இடிதாங்கியின் செப்புக் கம்பி தகரத்தின் மேல் கிடந்தால் நகர்த்துங்கள். செம்பில் பட்டு வடியும் நீர் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். கோபுரம் கூரையைத் தொடும் இடத்தைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் அது வெடித்திருக்கும். தகடு மடித்துச் சுவர்க் காடியில் செருக வேண்டும். மழைநீர்த் தொட்டியில் அரசங்கன்று முளைத்திருக்கும். அதை வெட்டி எறிந்து, அரச மரத்தைப் போற்றும் பௌத்த அக்கம்பக்கத்தார் மனம் கோண விடாமல், வேரோடு எடுத்துச் சட்டியில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

ஓதம் கூரையால் வருவதல்ல. அந்தக் காலச் செங்கல் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். பிற்பாடு யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள், வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. வெளியே மண்ணும் ஆண்டுக்காண்டு உயர்ந்து தரைமட்டத்தைத் தொட்டிருக்கும். தரைக்கு ஆறங்குலம் கீழே போகும்வரை மண்ணை வெட்டி, நீர் விலகி ஓட வாட்டம் கொடுங்கள். இதற்குக் கூலி மட்டும்தான், மழை விட்டதும் நவம்பரிலேயே செய்யலாம். ஓதம் ஏறிய உயரம் வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, மெல்லிசாக மூன்று கை வெள்ளையடித்தால் போதும்.

கெபிப் பணத்தைத் தொடாதீர்கள். ஒரு நோக்கத்துக்காகத் தந்த காணிக்கையை அதற்கே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் சட்டம். அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதி, கூரைக்கு மாற்றச் சம்மதமா என்று கேளுங்கள். எழுத்தில் சம்மதம் வந்தால் கோப்பில் வையுங்கள். வராவிட்டால் கெபிக்கான செங்கல்லை இப்போதே வாங்கிப் போடுங்கள். பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லித் தரும் பணமும் கோயில் வருமானமல்ல. அதற்குச் சாமியாரிடம் தனிப் பதிவேடு இருக்க வேண்டும், உங்கள் கணக்கில் அது கலக்கவே கூடாது.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு, சாவிகள் உறவில்லாத இருவரிடம். பூசை முடிந்த அன்றே எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று சீட்டெழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். எண்ணுவதற்கு முன்பு மெழுகுவர்த்திக்கென்று நூறு கியாட்கூட எடுக்கக் கூடாது. சில்லறைச் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கி, ரசீது காட்டினால் மட்டும் நிரப்புங்கள். திருநாள் கணக்கைக் கொடியிறங்கிய இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், இழுத்தால் பந்தல்காரர் பாக்கியும் மைக் வாடகையும் அடுத்த திருநாள்வரை நீளும். மிச்சத்தில் பாதி பராமரிப்புக்கு என்று நிதிக்குழு இப்போதே தீர்மானம் எழுதட்டும். அந்தக் குழு இல்லாவிட்டால் சாமியாரிடம் சொல்லி அமையுங்கள். ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தாக வேண்டும் என்கிறது அதே தொகுப்பின் 537ஆம் சட்டம். கூரை வேலை பெரிதென்றால் மறைமாவட்டத்திலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஜனவரியில் ஆள் வந்து நிற்கும்போது கேட்டால் தண்ணீர்த் திருவிழாவுக்குள் பதில் வராது.

கமிட்டி வண்ணத்தில் விடாப்பிடியாக இருந்தால், கதவுக்கும் கொடிமரத்துக்கும் ஒரு டப்பா எனாமல் வாங்கிக் கொடுங்கள்.