பிரிண்டருக்கும் ஒரு கதவு எண் வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜார்ஜ் டவுன் தம்புச் செட்டித் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம் இயங்கி வருகிறது. 7 கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக ஒரு லேசர் பிரிண்டரை வைஃபையில் இணைத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது, பெரும்பாலும் காலை வேளையில், பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் வேலை செய்கிறது. நான்கு நாள் கழித்து மீண்டும் அதே தொல்லை. கேபிளுக்கு மாறினால் தீருமா?
(ஒரு வாசகர், சென்னை-1)

பதில்: கேபிளுக்கு மாறுங்கள், ஆனால் அதனால் மட்டும் இந்தத் தொல்லை தீராது. தங்கள் கடிதத்தில் 'காலை வேளையில்' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரவு அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் தங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். சிறிய ரவுட்டர்கள் பல, எந்தக் கருவிக்கு எந்த ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியின் கதவு எண்ணை, கொடுத்தோம் என்பதை மின்சாரம் போனதும் மறந்துவிடும். காலையில் முதலில் வந்து சேரும் கருவிக்குக் கையிருப்பில் உள்ள எண் ஒன்றைக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டரோ நேற்றைய எண்ணையே நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். டிரைவரை மறுபடி போடும்போது அது புதிய எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதால் தற்காலிகமாகச் சரியாகிறதே தவிர, டிரைவரில் எந்தக் கோளாறும் இல்லை.

திருவல்லிக்கேணியில் ஓர் அலுவலகத்தில் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஒருமுறையும் திங்கட்கிழமை காலை ஒருமுறையும் பிரிண்டரின் அமைப்பு விவரத் தாளை அச்செடுத்து, இரண்டையும் மேசை மேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். எல்லா வரிகளும் ஒன்றுபோலவே இருந்தன, ஒன்றில் 192.168.1.7 என்றும் மற்றதில் 192.168.1.12 என்றும் இருந்த ஒரே வரிதான் வேறுபட்டது. காலையில் முதல் ஆளாக வந்து ஷட்டரைத் திறக்கும் பையனின் செல்போனிடம் அந்த 7-ஆம் எண் போய்விட்டிருந்தது. அதுவரை அந்த அலுவலகத்தார் இரண்டு முறை மெக்கானிக்கை அழைத்துப் பணம் கொடுத்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஆகவே, பிரிண்டருக்கு மாறாத முகவரி ஒன்றைத் தருவதே முதல் வேலை. பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் அறிக்கையை அச்செடுத்தால் அதில் ஐ.பி. முகவரியும், 12 எழுத்தும் எண்ணும் கலந்த மேக் முகவரியும் (கருவியின் சொந்த அடையாள எண்) இருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கருவிகளுக்கு எண் வழங்கும் டி.எச்.சி.பி. என்ற பகுதிக்குச் சென்று, இந்த மேக் முகவரிக்கு இந்த ஐ.பி. எண்தான் என்று 'ரிசர்வ்' செய்துவிடுங்கள். தங்கள் ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் பிரிண்டரிலேயே எண்ணை நிலையாகப் பதிக்கலாம். ஆனால் ரவுட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் எண்களுக்கு வெளியே உள்ள எண்ணாக அது இருக்க வேண்டும். ரவுட்டர் 100 முதல் 200 வரை வழங்குகிறது என்றால், பிரிண்டருக்கு 192.168.1.50 என்று வையுங்கள். அறிக்கையில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது கேபிளையோ வைஃபை பாஸ்வேர்டையோதான் முதலில் பார்க்க வேண்டும்.

அதன் பின் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பழைய பிரிண்டர் பெயர்களையும், 'காப்பி 1' என்று சேர்ந்துவிட்ட நகல்களையும் நீக்கிவிட்டு, விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துக் காட்டுவதை ஏற்காமல், ஐ.பி. முகவரி வழியாகச் சேர்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்து 'ஸ்டாண்டர்டு டி.சி.பி./ஐ.பி. போர்ட்' அமைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும், பிரிண்டர் விழித்திருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துப் பாருங்கள். பிரிண்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் அதனிடம் விசாரிக்கும் முறை அது. அந்த விசாரிப்புக்குப் பதில் வராததையே சில நேரம் விண்டோஸ் ஆஃப்லைன் என்று எடுத்துக்கொள்கிறது.

இனி கேபிள். அச்சுக்கு அனுப்பும் கோப்பு பெரும்பாலும் சிறியது, ஆகவே வேகத்துக்காக நான் கேபிளைச் சொல்லவில்லை. ஜார்ஜ் டவுன் பழைய கட்டடங்களின் சுவர்கள், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக, கனமானவை. இரண்டு சுவரைத் தாண்டினாலே வைஃபை தளர்ந்துபோகும். கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தங்கள் மாடிக்கு அது தாராளம். ரிச்சி தெருவில் வாங்கும்போது, உள்ளே இருப்பது முழுச் செம்புக் கம்பியா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். பின்னது விலை குறைவுதான். வளைத்து வளைத்துப் பதிக்கும்போது முறிந்துபோகும்.

கேபிளுக்கு மாறுகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிரிண்டரின் வைஃபைக்கு ஒரு மேக் முகவரி, கேபிள் செருகும் துளைக்கு வேறொரு மேக் முகவரி. வைஃபைக்காக ரவுட்டரில் செய்த ரிசர்வ் கேபிளுக்குச் செல்லாது. பல மாடல்களில் கேபிளைச் செருகியதும் வைஃபை தானே அணைந்துவிடும் என்பதால், கேபிளை இணைத்த பிறகு அறிக்கையை மறுபடி அச்செடுத்து, அதிலுள்ள புதிய மேக் முகவரிக்கு ரிசர்வ் செய்யுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் உள்ள எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் புது ரவுட்டர் மாட்டினோம். எல்லா செல்போன்களிலும் வைஃபை கிடைக்கிறது, ஆனால் 5 ஆண்டு பழைய பிரிண்டரில் மட்டும் அந்தப் பெயரே வரவில்லை. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?
(ஒரு வாசகி, சென்னை-42)

பதில்: வேண்டாம் அம்மா. பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். தங்கள் ரவுட்டர் அந்தப் பெயரை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம். 2.4-க்குத் தனிப் பெயர் ஒன்று வைத்து, பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தால் அதை டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் ஏற்கும்படி மாற்றி, பிரிண்டரை அதில் இணையுங்கள். வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள். அதிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

கேள்வி: கேஷியரின் கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. வழியாக மாட்டிய பிரிண்டரை மற்றவர்களுக்கு ஷேர் செய்திருக்கிறோம். அவர் விடுப்பில் போனால் யாருக்கும் அச்சு வருவதில்லை. அவர் இருக்கும் நாளிலும் சிலருக்குப் பிழைச் செய்தி வருகிறது.
(ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: 2021-இல் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. அதை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, ஷேர் முறையில் இணைத்திருந்த பல இடங்களில் இத்தகைய பிழைகள் வரத் தொடங்கின. அப்டேட்டை நீக்கிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பூட்டைக் கழற்றி வைப்பதற்குச் சமம். தங்கள் பிரிண்டரில் கேபிள் துளையோ வைஃபையோ இருந்தால், மேலே முதல் வாசகருக்குச் சொன்னபடி நேரடியாக நெட்வொர்க்கில் இணைத்துவிடுங்கள். கேஷியர் வராத நாளிலும் அச்சு வரும். இணைத்த அன்றே பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தில், தொழிற்சாலையில் வைத்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ரவுட்டர், லேசர் பிரிண்டர் இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டலாமா?
(ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: ரவுட்டரை மாட்டுங்கள், லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடேறும்போது திடீரென்று மிகுந்த மின்சாரத்தை இழுக்கும், சிறிய யு.பி.எஸ். அதைத் தாங்காமல் அணைந்துபோக, அதோடு ரவுட்டரும் அணைந்துவிடும். பிரிண்டருக்குச் சுவரிலுள்ள தனி சாக்கெட்டே போதும்.