சென்னை பர்மா பஜாரில் இன்னும் மலிவாகப் பொருள் வாங்க முடியுமா? முதல் முறை போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

வாங்கலாம். ஆனால் விலைக்காக மட்டும் என்றால் மெனக்கெட்டுப் போகத் தேவையில்லை என்பேன். மொபைல் கவர், சார்ஜர், இயர்போன், கூலிங் கிளாஸ் எல்லாம் இன்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் ஏறக்குறைய அதே விலைதான். நான் இன்னும் அந்தப் பக்கம் போவது கொஞ்சம் வேடிக்கை பார்க்கவும் நிறைய சாப்பிடவும்தான். அந்த இடம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் வேடிக்கைக்கே ருசி கூடும்.

ராஜாஜி சாலையில் பீச் ஸ்டேஷனுக்கும் பாரிமுனைக்கும் நடுவே வரிசையாக இருக்கும் சுமார் 200 சிறு கடைகள்தான் பர்மா பஜார். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் பிழைக்க வேண்டுமே என்று 1969-இல் உண்டாக்கப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடையும் வட்டித் தொழிலும் வயலுமாக வாழ்ந்தவர்கள் இவர்கள். 1962 மார்ச்சில் ராணுவ ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமையாயின, 1964-இல் கடைகளும் போயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வேறு. கடையும் போய், பெட்டியில் வைத்திருந்த பணமும் காகிதமானால் மனிதன் என்ன செய்வான்? லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். நகைநட்டுகளைக்கூட அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள் பலர். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் கொஞ்சம் பேருக்கு, அதே துறைமுகத்தின் பக்கத்திலேயே நடைபாதையில் கடை போட இடம் கிடைத்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. இங்கே ஒட்டாமல், தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனவர்கள் உண்டு. எல்லையில் உள்ளே விடவில்லை. அப்படி மோரேயில் தங்கியவர்களால்தான் அந்த எல்லை ஊரில் இன்றும் ஒரு தமிழ்ச் சங்கமும் அம்மன் கோயிலும் இருக்கின்றன.

சரி, பஜாருக்கு வருவோம். ‘ஃபாரின் சாமான்’ என்ற பேச்சுக்கே ஒரு மவுசு இருந்த காலம் அது. வெளிநாட்டு நுகர்பொருட்களைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய முடியாது, செய்தாலும் வரி கழுத்தை நெரிக்கும். ஆக, வாக்மேன், கால்குலேட்டர், செண்ட், நைலான் சேலை, டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்தது), கோடாலித் தைலம் என்று எது வேண்டுமென்றாலும் இங்கேதான் வர வேண்டும். கப்பல் சிப்பந்திகள் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறந்து பறந்து பெட்டி நிறையச் சரக்கு கொண்டுவருபவர்களுக்குக் ‘குருவி’ என்றே பெயர். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சென்னைச் சுங்கத் துறையின் தலைமை அலுவலகமான கஸ்டம்ஸ் ஹவுஸும் இதே ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது! அவ்வப்போது சோதனை நடக்கும், சரக்கு மறையும், பிறகு திரும்ப வரும்.

எங்கள் வீட்டில் முதல் டேப் ரெக்கார்டர் பர்மா பஜாரிலிருந்துதான் வந்தது. சித்தப்பா வாங்கி வந்தார். கல்யாண வீட்டில் அதை மேஜை மேல் வைப்பதா, பத்திரமாக அலமாரியில் பூட்டுவதா என்று பெரிய விவாதமே நடந்தது. 1991-இல் தாராளமயம் வந்த பிறகு இறக்குமதிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2001 ஏப்ரலில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் மிச்சமிருந்தவையும் பெரும்பாலும் விலகியபோது, பஜாரின் பழைய கவர்ச்சிக்குக் காரணமாக இருந்த தட்டுப்பாடே இல்லாமல் போய்விட்டது. நடுவில் திருட்டு விசிடி, டிவிடி காலம் ஒன்று வந்தது. படம் வெளியான வேகத்தில் வட்டும் வெளியாகும், போலீசும் வரும். அதையும் இன்டர்நெட் விழுங்கிவிட்டது. இப்போது கண்ணில் படுவது பெரும்பாலும் செல்போன் சமாச்சாரங்கள், பொம்மை, பை, வாட்ச், செண்ட். பல கடைகள் கைமாறியும் விட்டன. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ரங்கூனோடு சம்பந்தம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அடுத்து, பேரம். முதலில் சொல்லும் விலையில் பாதிக்கும் கீழே தொடங்குங்கள், கூச்சப்படாதீர்கள். ஆனால் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் வாயைத் திறந்து விலை சொல்லாதீர்கள். சொல்லிவிட்டு நகர்ந்தால் பின்னாலேயே குரல் வரும், அது எப்போதும் இனிமையாக இருக்காது. மின்சாதனம் எதுவானாலும் அங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். சோதித்துப் பார்த்த அதே பொருளையே பையில் போடச் சொல்லுங்கள், ‘புது பீஸ் தரேன் சார்’ என்று உள்ளேயிருந்து எடுத்தால் அதையும் பிரித்துப் பாருங்கள். பில், வாரண்டி என்ற பேச்சையே விட்டுவிடலாம். பெரிய பிராண்டின் பெயர் போட்ட செண்ட் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது என்ன என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. விலை கூடின போன், கேமரா போன்றவற்றை மட்டும் நான் அங்கே வாங்க மாட்டேன்.

இனி முக்கியமான சமாச்சாரம். சாயங்காலம் ஆனதும் பஜாரை விட்டுச் சற்று உள்ளே, செகண்ட் லைன் பீச் சாலைப் பக்கம் திரும்புங்கள். தள்ளுவண்டிகளில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸைக் கலக்க ஆரம்பித்திருப்பார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைகோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள். அதன்மேல் பேஜோ என்கிற மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். அடுப்பில் வதக்கித் தரும் நம் ஃபாஸ்ட் ஃபுட் நூடுல்ஸை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் வாய் குழப்பும், ஏனென்றால் இது சூடாக இருக்காது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் வரும், அதுதான் சூடு. மிளகுக் காரத்தோடு அதை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட வேண்டும். தீர்ந்ததும் கிண்ணத்தை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள்.

பர்மாவில் மொய்ங்கா என்றால் மீன் குழம்பில் நனைந்த நூடுல்ஸ். இங்கே பல வண்டிகளில் அதே வாழைத்தண்டு சூப்பில்தான் வருகிறது. அத்தோவும் மொய்ங்காவும் ஆளுக்கொன்றாக வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். அதைவிட எனக்கு உசத்தி முட்டை மசாலா. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் காரமும் வைத்து அடைத்துத் தருவார்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டைக்குப் போய்விடும்.

புறநகர் ரயிலில் வந்தால் பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள், மெட்ரோ என்றால் உயர் நீதிமன்றம் ஸ்டேஷன், அங்கிருந்து நடை. கார் வேண்டவே வேண்டாம், பாரிமுனையில் நிறுத்த இடம் தேடியே பசி செத்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் போய்க் கடைகளைச் சுற்றிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வண்டிக்குப் போனால் சரியாக இருக்கும். பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள், சில்லறை நோட்டாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர் என்றால் தட்டு கலப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், முட்டை போடாமல் தருவார்கள்.